கண்டியில் வாங்கிய கோர்ட் சக்கரம்: மூன்று மாதம் சுற்றிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு மூன்றரை. சக்கரத்துக்கு நாலு கொடுக்கலாம், அதோடு வந்த விளக்கத் தாளுக்கு ஒன்றுதான், விற்ற கடைக்கு எதுவும் கொடுக்கிற எண்ணம் இல்லை. மூன்றரை எப்படி வந்தது என்று கணக்குக் கேட்காதீர்கள்.

கிட்டார் கம்பி வாங்கத்தான் கண்டிக்குப் போனேன். மலையகத்தில் எங்கள் தலவாக்கலைப் பக்கத்துப் பனிக்கு ஒரு செட் கம்பி இரண்டு மாதம் தாண்டாது, துருப்பிடித்து விரலெல்லாம் கறுப்பாகிவிடும். கம்பி வாங்கிக் காசு கொடுக்கும்போது கல்லாப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பிளேன்டீக் கோப்பைக்கு அடியில் வைக்கிற சாசரைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டு, நடுவில் ஒரு ரிவெட், மேல் தட்டில் ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு. எந்தக் கோர்ட்டுக்கு (சேர்த்து அடிக்கிற மூன்று நாலு சுரம்) எது பக்கம் என்று காட்டுகிற ஐந்தாம் சுர வட்டம், கிட்டார்காரர்கள் சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் என்று சொல்கிற அதேதான், ஆனால் சுழல்கிறது. விலை 2,400 ரூபா. கடைக்காரர் "பாட்டு எழுதுறவங்க எல்லாம் இத வச்சுத்தான் எழுதுறாங்க தம்பி" என்றார். அவர் பாட்டு எழுதுகிற எத்தனை பேரைப் பார்த்திருப்பார் என்று தெரியவில்லை, நான் வாங்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா "என்னடா இது?" என்றார். கோர்ட் கண்டுபிடிக்கிற சக்கரம் என்றேன். "எந்தக் கோர்ட்டுக்குப் போகப் போற, காணி வழக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் நாலு பேர். நான் கிட்டார், மாமா மகள் பாட்டு, ஒரு தம்பி ஹார்மோனியமும் கீபோர்டும், இன்னொருவன் தப்பு மேளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடுவோம். சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறோம், திருவிழாவில், கல்யாண வீட்டில் பாடுகிறோம். பிரச்சினை என்னவென்றால், போன வருஷம் கட்டின ஒன்பது பாட்டில் ஏழு பாட்டு ஜி, ஈ மைனர், சி, டி. அதே நாலு கோர்ட், அதே வரிசை. வரி வேறு, மெட்டுக்கூட வேறு, ஆனால் கிட்டார் ஆரம்பித்ததும் ஜனங்கள் முந்தின பாட்டையே திரும்பப் பாடுகிறோம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தப்புக்காரன்தான் வெளிப்படையாகச் சொன்னான்: "அண்ணே, நான் பாட்டுக்குப் பாட்டு அடிய மாத்துறேன், நீங்க மாத்தவே மாட்டேங்கிறீங்க."

சக்கரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பன்னிரண்டு சுரத்தையும் இங்கிலீஷ் எழுத்துப் பெயரில் கடிகாரம் மாதிரி வட்டமாக வைத்திருக்கிறார்கள். உச்சியில் சி. வலப்பக்கம் எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் ச-விலிருந்து ப-வுக்குப் போகிற தூரம், அதாவது ஏழு அரைச்சுரம்: சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்று போய், அடியில் எஃப் ஷார்ப், அப்புறம் ஃபிளாட்டுகள் வழியாக எஃப், மறுபடியும் சி (ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே, ஃபிளாட் என்றால் அரைச்சுரம் கீழே). வலது பக்கம் போகப் போக ஒவ்வொரு ஷார்ப் கூடும், இடது பக்கம் ஒவ்வொரு ஃபிளாட் கூடும். வெளி வட்டம் மேஜர், உள் வட்டத்தில் மைனர்கள் (மேஜர் கோர்ட்டின் மூன்றாவது சுரத்தை அரைச்சுரம் இறக்கினால் மைனர்): சி-க்குக் கீழே ஏ மைனர், ஜி-க்குக் கீழே ஈ மைனர், இப்படி. ஜன்னலை ஜி மேல் கொண்டுவந்தால் மேலே சி, ஜி, டி, கீழே ஏ மைனர், ஈ மைனர், பி மைனர், ஓரத்தில் ஒரு சின்னத் துவாரத்தில் எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் என்று இன்னொரு வகைக் கோர்ட். அந்த சுருதிக்குச் சொந்தமான ஏழு கோர்ட்டும் ஒரே மூலையில். இது நல்ல யோசனைதான். 1728ல் ஹைனிகன் என்ற ஜெர்மன்காரர் தன் புத்தகத்தில் இப்படி ஒரு வட்டத்தை அச்சிட்டிருக்கிறார், அதனால் இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

முதல் கிழமை சந்தோஷமாகப் போனது. ஜி சுருதியில் பி மைனர் என்று ஒரு கோர்ட் இருப்பதே எனக்குப் பாதி மறந்துபோயிருந்தது, பார் பிடிக்க வேண்டும், அதாவது ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்த வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஜன்னலில் அது தினமும் முகத்துக்கு நேரே நின்றதால், சரி, பிடித்துத்தான் பார்ப்போமே என்று பிடித்தேன். சக்கரத்தால் கிடைத்த முதல் லாபம் அதுதான். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, நான் சோம்பலில் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து முன்னால் வைத்தது.

இரண்டாவது கிழமையில் சிக்கல். விளக்கத் தாள், அதுவும் முழுக்க இங்கிலீஷில், "வட்டத்தில் இடப்பக்கமாக நகர்ந்தால் கோர்ட்டுகள் இயல்பாக வீட்டுக்கு வந்து சேரும்" என்கிற மாதிரி ஒரே ஒரு வரி போட்டிருக்கிறது. வீடு என்றால் பாட்டு வந்து நிற்கிற கோர்ட், ஜி சுருதிக்கு ஜி. விஷயம் சரி. டி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது ஒரு இறக்கம் தெரியும், டி கோர்ட்டில் இருக்கிற எஃப் ஷார்ப் அரைச்சுரம் ஏறி ஜி-யில் உட்காரும், காது அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு தாவலைச் சங்கிலியாகக் கோத்தால் பி மைனர், ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி. மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவாக இறங்குகிற மாதிரி இருக்கும், எந்த வளைவிலும் முடிந்துவிடாது, ஜி வந்தால்தான் நிற்கும்.

ஆனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்யப் போனால் கை குழம்பும். பி மைனர், ஈ மைனர், ஏ மைனர் மூன்றும் உள் வட்டத்தில் வலமிருந்து இடமாக ஒழுங்காக நிற்கின்றன. அடுத்தது டி. அது எங்கே என்று பார்த்தால் வெளி வட்டத்தில் வலப்பக்கக் கோடியில், பி மைனருக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது! "இடப்பக்கம் நகர்" என்ற தாள் இப்போது ஏன் வலது மூலைக்குத் தாவச் சொல்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. மேஜர் மைனர் என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் வெளி வட்டத்தில் படித்தால் பி, ஈ, ஏ, டி, ஜி என்று ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்கும், எது மைனர் எது மேஜர் என்பதை மட்டும் ஜன்னல் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினைந்து நாள் ஆனது, அதுவும் தாளைப் பார்த்து இல்லை, கிட்டாரைப் பார்த்து. கம்பிகளைத் தடித்ததிலிருந்து எண்ணுங்கள்: ஈ, ஏ, டி, ஜி. சக்கரத்தில் இடப்பக்கம் போகிற அதே வரிசை! நாலு கம்பி அளவுக்கு ஐந்தாம் வட்டத்தின் ஒரு துண்டை இத்தனை வருஷமாக மடியில் வைத்துக்கொண்டு 2,400 ரூபா கொடுத்திருக்கிறேன். (வயலின்காரர்களுக்கு ஜி, டி, ஏ, ஈ, அவர்கள் வலப்பக்கம் போகிறார்கள்.)

சரி, பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சாமானின் நல்லதும் கெட்டதும் ஒரே பாட்டில் தெரிந்துவிட்டது. டவுனுக்குப் போய்க் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. பல்லவி:

கடைசி பஸ்ஸு போயிருச்சு
கையில கெடந்த காசும் போச்சு

மாமா மகள் மெட்டை முதலில் வாயாலேயே போட்டுவிட்டாள், அவள் சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி. "கடைசி" டி-யில் ஆரம்பிக்கிறது, "பஸ்ஸு" ஜி-யில் விழுகிறது, "போயிருச்சு"வில் "போ" சி-யில் நீளமாக நின்று, பிறகு வழுக்கிக்கொண்டு ஏ-க்கு வருகிறது, "காசும் போச்சு" ஜி-யில் முடிகிறது. இதற்கு என் பழைய நாலு கோர்ட்டையும் போட்டுப் பார்த்தோம், பாடலாம், ஆனால் பஸ் போன மாதிரியே இல்லை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சக்கரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பி மைனரிலிருந்து இறங்கினோம். "கடைசி"க்கு பி மைனர், "பஸ்ஸு"வுக்கு ஈ மைனர், "போயிருச்சு"வுக்கு ஏ மைனர், "கையில கெடந்த"வுக்கு டி, "காசும் போச்சு"வுக்கு ஜி. முதல் தடவையே சரியாக விழுந்தது. ஏன் என்று பிறகு பார்த்தால், பி மைனருக்குள் டி இருக்கிறது, ஈ மைனருக்குள் ஜி இருக்கிறது, ஏ மைனருக்குள் சி இருக்கிறது. இந்த மூன்று இடத்திலும் அவள் நிற்கிற சுரம் அந்தந்தக் கோர்ட்டின் மூன்றாவது சுரம். அவள் சக்கரத்தைப் பார்த்து மெட்டுப் போடவில்லை. அவள் தன் பாட்டுக்கு இறங்கினாள், சக்கரமும் இறங்கியது, இரண்டும் ஒரே சரிவில் சந்தித்துக்கொண்டன.

இதோடு நிறுத்தியிருக்கலாம். தாளின் பின்பக்கத்தில் "எந்த மைனரையும் செவன்த் கோர்ட்டாக மாற்றினால் இழுவை கூடும்" என்று போட்டிருந்தது (செவன்த் என்றால் மேஜர் கோர்ட்டோடு இன்னொரு சுரம் சேர்த்தது), நான் உடனே பி செவன், ஈ செவன், ஏ செவன், டி செவன், ஜி என்று அடித்தேன். கீபோர்ட் தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பழைய கிளப் நாடகத்தில் திரை இறங்கும்போது வாசிக்கிற மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு, மாமா மகளுக்குச் சுருதியே நிற்கவில்லை. "என்னண்ணே பண்றீங்க, என்னையத் தள்ளித் தள்ளி விடுறீங்க" என்றாள். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. பி செவனில் டி ஷார்ப் இருக்கிறது, அவள் பாடுவது டி. ஈ செவனில் ஜி ஷார்ப், அவள் பாடுவது ஜி. ஏ செவனில் சி ஷார்ப், அவள் பாடுவது சி. மூன்று இடத்திலும் அவளுக்கு அரைச்சுரம் பக்கத்தில் நான் நின்று இடித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கேதான் எனக்குச் சக்கரத்தின் மேல் வருத்தம். எந்தக் கோர்ட்டுக்குப் பிறகு எந்தக் கோர்ட் என்று சொல்கிறது, பாடுகிறவள் எந்தச் சுரத்தில் நிற்கிறாள் என்று அதற்குத் தெரியாது, தெரியாது என்று தாளில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. முதலில் கோர்ட் வரிசை போட்டு அதன் மேல் மெட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது குறையே இல்லை. நம் பக்கத்தில் பெரும்பாலும் வரியும் மெட்டும் சேர்ந்தே வாயில் பிறந்துவிடும், கிட்டார் பிறகுதான் வரும். அப்படிக் கட்டுகிறவர்கள் கோர்ட்டை மாற்றுவதற்கு முன்னால் பாடுகிறவரின் சுரத்தைக் கேட்க வேண்டும்.

செவன்த் கோர்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டோம், ஒன்றைத் தவிர. பாட்டின் கடைசிச் சுற்றில், நான் மறந்துபோய் ஏ மைனருக்குப் பதிலாக ஏ செவன் அடித்துவிட்டேன், அவள் "போ"வை அவளாகவே அரைச்சுரம் தூக்கி சி ஷார்ப்பில் பாடிவிட்டாள். அவள் சுருதிக்கு அது சுத்த மத்திமம் பிரதி மத்திமம் ஆனது, ஒரு நொடி கல்யாணி ராகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நாலு பேரும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது மூன்று முறை ஏ மைனர், நாலாவது முறை மட்டும் ஏ செவன், அதை மாற்றுவதில்லை.

இந்தச் சாமானுக்கு நான் கொடுத்த நட்சத்திரத்தில் பெரிய பங்கு சுருதி மாற்றுவதற்குத்தான். திருவிழா அன்றைக்கு மாமா மகளுக்குத் தடிமல், ஐந்து கட்டைக்குத் தொண்டை ஏறவில்லை, நாலு கட்டைக்கு இறக்கச் சொன்னாள். நாலு கட்டை என்றால் எஃப். கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கேப்போக் கவ்வியை வைத்து ஏற்றலாம், இறக்க முடியாது. மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்தில், போன் வெளிச்சத்தில் ஜன்னலை எஃப் மேல் திருப்பினேன்: ஏ மைனர், டி மைனர், ஜி மைனர், சி, எஃப். கீபோர்டுக்கு அது போதும். எனக்கு அதில் பார் கோர்ட் கூடுதல், அதனால் ஜன்னலை சி-க்குத் திருப்பி ஈ மைனர், ஏ மைனர், டி மைனர், ஜி, சி என்று பார்த்துக்கொண்டு கேப்போவை ஐந்தாவது கட்டத்தில் போட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம். இதற்கு முன்னால் இதே வேலையை விரல் விட்டு எண்ணி, இரண்டு பேர் இரண்டு விடை சொல்லி, சண்டை போட்டுச் செய்வோம். மண்டபத்தில் சிக்னலும் இல்லை, போனில் ஆப் வைத்திருந்தாலும் அது திறக்குமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. சக்கரத்துக்குச் சார்ஜும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. ஒரு குறை, கட்டை எண்ணை அதில் போட்டிருக்க மாட்டார்கள், நானே மார்க்கரால் எழுதிக்கொண்டேன்: சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் வருகிற கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை. ஹார்மோனியக்காரர்கள் உள்ள குழுவென்றால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

மைனர் பாட்டுக்கு வந்தால் இன்னொரு பள்ளம். ஈ மைனரை வீடாக வைத்துச் சோகப் பாட்டு ஒன்று கட்டினோம். ஜன்னல் ஈ மைனருக்கு ஐந்தாவது கோர்ட்டாக பி மைனரைக் காட்டுகிறது. அடித்துப் பாருங்கள், வீட்டு வாசல் வரைக்கும் வந்து உள்ளே வராமல் நிற்கும். உள்ளே இழுப்பது பி மேஜர் அல்லது பி செவன், அதில் இருக்கிற டி ஷார்ப்தான் ஈ-க்கு இழுக்கிறது. கர்நாடக சங்கீதக் கணக்கில் ஜன்னல் காட்டுவது நடபைரவி, நமக்கு வேண்டியது கீரவாணி. கீரவாணியின் ஏழு சுரமும் இந்த வட்டத்தில் ஒட்டி நிற்காது, அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜன்னலில் அகப்படாது. சக்கரத்தை நம்பிப் பழகுகிற சின்னப் பிள்ளைகள் பி மைனரையே அடித்துவிட்டு "என் பாட்டு ஏன் முடிய மாட்டேங்குது" என்று உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலின் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, மைனர் பாட்டுக்கு இதை மேஜராக அடி என்று எழுதியிருக்கக் கூடாதா? இடம் நிறைய இருக்கிறது, அதில் கம்பெனி முத்திரை போட்டிருக்கிறார்கள்.

ராகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அதனால் எனக்குப் பிடித்த விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன், இது எந்தத் தாளிலும் இல்லை, கீபோர்ட் தம்பியும் நானும் மழையில் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம் திருப்பித் திருப்பிக் கண்டுபிடித்தது. சி-யை ச ஆக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றாதீர்கள். ஜன்னல் சி-யில் இருந்தால் சங்கராபரணம். ஜன்னலை மட்டும் ஒரு எட்டு வலப்பக்கம், ஜி-க்குத் திருப்பி, வீடு மட்டும் சி-யிலேயே இருந்தால் கல்யாணி. சி-யிலிருந்து இடப்பக்கம் ஒரு எட்டு போனால் அரிகாம்போதி, இரண்டு எட்டு கரகரப்பிரியா, மூன்று எட்டு நடபைரவி, நாலு எட்டு தோடி. ஆறு மேளகர்த்தா ராகம், ஆறு ஜன்னல், அந்தந்த ஜன்னலில் தெரிகிற கோர்ட் எல்லாம் அந்த ராகத்துக்கு இடிக்காது. அரிகாம்போதியில் ஒரு மெட்டுப் போட்டால் சி, பி ஃபிளாட், எஃப், சி என்று அடிக்கலாம், வலப்பக்கமாக ஏறி வீட்டுக்கு வருகிற வழி அது, டி-ஜி மாதிரி இழுத்துக்கொண்டு போகாது, நிதானமாக நடந்து வரும். மோகனம் இன்னும் அழகு: சி, ஜி, டி, ஏ, ஈ, வட்டத்தில் ஒட்டி நிற்கிற ஐந்து கட்டம், அவ்வளவுதான் ராகம். ஒரு கையை வைத்து மூடிவிடலாம். ஏழு கட்டம் ஒட்டி நின்றால் எஃப்-லிருந்து பி வரைக்கும் சங்கராபரணத்தின் ஏழு சுரம்.

அப்புறம் மாயாமாளவகௌளை என்று திருப்பிப் பார்த்தோம். இல்லை. சங்கீதம் படிக்கப் போகிற எல்லாப் பிள்ளையும் சரளி வரிசைக்கு முதலில் பாடுகிற ராகம், அதற்கு இந்த வட்டத்தில் ஒட்டின இடம் இல்லை. டி ஃபிளாட்டும் ஈ-யும், ஏ ஃபிளாட்டும் பி-யும் எங்கெங்கோ சிதறி நிற்கின்றன. ஆகவே இதை ராகச் சக்கரம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், சேர் என்றுதான் கூப்பிடுவோம், கோயில் மண்டபத்துக்கு பேப்பர் படிக்க வருவார். சக்கரத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதுல பன்னிரண்டு வீடு இருக்கே, ராசிக் கட்டம் மாதிரி" என்றார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நாங்கள் வாசிக்கவே இல்லை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை, ஏழு பெண்கள் வட்டமாக நின்று ஆடுகிறார்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பன்னிரண்டு ராசி வீட்டில் இந்தச் சுரங்களை நிறுத்திப் பண் பிறக்கிற முறைக்கு வட்டப்பாலை என்று பெயர். எது எதிலிருந்து பிறக்கிறது என்று உரைகளில் வருகிற வரிசையை விரல் மடக்கிச் சொன்னார்: தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. குரலை சி என்று வைத்து நான் மார்க்கரால் குறித்துக்கொண்டே வந்தேன். பி ஃபிளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ. ஏழும் ஒரு வீடு விடாமல் பக்கத்துப் பக்கத்தில்! காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947ல் வெளிவந்த யாழ் நூலில் பாலை என்கிற இந்தச் சுர வரிசைக் கணக்குகளை எல்லாம் விரிவாகப் போட்டிருக்கிறார் என்று சேர் சொன்னார், அந்தப் புத்தகத்தை அவரிடம் கேட்டிருக்கிறேன், பார்ப்போம். அதற்காக கோர்ட்டையும் நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நான் சொல்ல வரவில்லை, யாழில் யாரும் டி செவன் அடிக்கவில்லை. ஆனால் விளக்கத் தாள் இரண்டு பக்கத்தில் எனக்குப் புரிய வைக்காததை அந்த ஏழு பெண்கள் புரிய வைத்தார்கள், குரலுக்கு அடுத்து ஏன் இளி நிற்கிறாள் என்று கேட்டாலே போதும், ச-வுக்குப் ப துணை என்பது காதுக்குத் தெரிந்த விஷயம்.

சேர் இன்னொன்றும் கேட்டார், பன்னிரண்டு எட்டு வைத்தால் சரியாக ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுமா என்று. கீபோர்டில் வரும். கணக்கில் வராது. சுத்தமான ப-வின் அதிர்வு ச-வின் அதிர்வைப் போல ஒன்றரை மடங்கு, அதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.74 சொச்சம், இரண்டிரண்டு மடங்காக ஏழு ஸ்தாயி ஏறினால் 128. அந்தச் சின்ன மிச்சத்தைப் பன்னிரண்டு வீட்டுக்கும் பங்குபோட்டு மறைத்துத்தான் வட்டத்தை மூடியிருக்கிறார்கள். கிட்டார் எந்தக் கோர்ட்டிலும் முழுச் சுத்தமாகச் சேராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றது பனி.

பனி என்றதும் சாமானின் தரம். பிளாஸ்டிக் நல்ல கனம், வளையவில்லை. எழுத்து அச்சிட்ட தாள் உள்ளே ஒட்டியிருக்கிறது, அது ஆறாவது கிழமையிலேயே ஈரம் வாங்கி, டி ஃபிளாட் பக்கம் குமிழ் விட்டுவிட்டது. ரிவெட் தளர்ந்து, ஜன்னல் இப்போது அரை வீடு சாய்ந்து நிற்கும், கட்டைவிரலால் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். முதலில் வாங்கினதில் ஜன்னலே கோணலாக இருந்தது, சி-க்குத் திருப்பினால் ஓரத்தில் பி டிமினிஷ்ட் பாதிதான் தெரிந்தது. மாற்றக் கொண்டுபோனேன், கண்டிக்கு ரயிலில் ஒரு நாள் வேலை. "திறந்த சாமான் மாத்துறதில்ல" என்றார்கள். திறக்காமல் எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்டேன், பதில் இல்லை, அரை மணி நேரம் நின்ற பிறகு முனகிக்கொண்டே வேறொன்றைக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்கள் கடையிலேயே பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாசி மாதம் மன்மதன் ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துக்குப் பாடுகிற பக்கம் இதைக் கொண்டுபோய்ச் சுற்றினேன், வீண். தப்பை நெருப்பில் காய்ச்சி, தோல் ஏறி, அடி விழ ஆரம்பித்த பிறகு, அந்தப் பாட்டுக்கு ஒரே கோர்ட் போதும், அதுவும் மூன்றாவது சுரத்தை எடுத்துவிட்டு ச-வும் ப-வும் மட்டும் அடித்தால் இன்னும் நல்லது. நான் நடுவில் ஒரு ஏ மைனர், டி, ஜி போட்டுப் பார்த்தேன். பாடிக்கொண்டிருந்த பெரியவர் நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை மட்டும் அசைத்தார், கொசுவை விரட்டுகிற மாதிரி. கோர்ட் நகர்ந்தால் பாட்டு எங்கேயோ போக வேண்டும் என்று ஆகிவிடுகிறது, அந்தப் பாட்டுகளுக்குப் போகிற அவசரம் இல்லை. அன்றைக்கு முழுக்க ஜி-யும் டி-யும் மட்டும் சேர்த்து அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நன்றாக இருந்தது.

யார் வாங்கலாம்? கிட்டாரில் ஏழெட்டுக் கோர்ட் தெரிந்து, அதற்கு மேல் நகராமல் இருக்கிறவர்கள். பாடகர் அடிக்கடி சுருதி மாற்றச் சொல்கிற குழுக்கள். கோர்ட் பிடிக்கவே இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு மூன்று செட் கம்பி வாங்குங்கள். கையில் காசு இல்லையென்றால் போன வருஷக் கலண்டர் அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் ஒரு சட்டைப் பொத்தானைத் தைத்தால் சக்கரம் தயார். தப்புக்காரன் அவன் தங்கைக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்திருக்கிறான், கட்டை எண்ணும் போட்டு, மைனர் கட்டத்துக்கு நட்சத்திரமும் போட்டு. என்னுடையதைவிட அது நேராகச் சுற்றுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமா மகள் அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்கு எங்கே ஆரம்பிக்கலாம் என்று திருப்பிக்கொண்டிருந்தாள்.